மூன்றாவது சலாம்

அஸீஸா குசினி வாசலில் நின்று வடிகானுக்குள் கொட்டிய தேயிலைச் சக்கை, கொஞ்ச நேரத்தில் அவளிடமே திரும்பி வந்தது.

கொட்டினால் அது கானோடு கானாகப் போய்விட வேண்டும். வீட்டின் பின்புறத்தால் ஓடும் அந்தக் கான், தண்டவாளம் போகும் மண்மேடான ரயில் கட்டின் அடியில் இருக்கும் குழாய்க்குள் புகுந்து, கட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரக் களப்பில் போய் விழும். கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த நாள்தொட்டு அவள் கண்ட ஒழுங்கு அது. அன்றைக்கு அந்தக் கறுத்த சக்கை குழாய் வாய்வரை போனது, அங்கே ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு போன வழியே ஆறுதலாகத் திரும்பி வந்து வாசற்படியில் ஒட்டிக்கொண்டது. விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். மறுபடியும் வந்தது. இரண்டாம் முறை தள்ளும்போது ஏனோ அவளுக்குக் காலைப் படியில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை.

கற்பிட்டிப் பக்கம் அவள் பிறந்த குறிஞ்சிப்பிட்டியில் இந்த வில்லங்கமெல்லாம் கிடையாது. அங்கே எங்கு பார்த்தாலும் மணல். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும், பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே குடித்துவிட்டு மறுநாள் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். பாலாவிக்குப் பக்கத்தில் இந்தத் தாழ்ந்த நிலத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான், தண்ணீர் ஓரிடத்தில் நின்று யோசிக்கக்கூடிய ஒன்று என்பதே அவளுக்குத் தெரிந்தது. கிழக்கே குளங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் வடிகிற வெள்ளமெல்லாம் களப்புக்குத்தான் போயாக வேண்டும். இடையில் குறுக்கே படுத்துக் கிடக்கிறது ரயில் கட்டு.

கட்டுக்கு அடியில் முன்பு கல்லால் கட்டிய போக்கு ஒன்று இருந்ததாம். மதகு என்று கடதாசியில் எழுதுவதை அந்த ஊரில் போக்கு என்பார்கள். மாடு ஒன்று கொம்பு இடிபடாமல் உள்ளே நடந்து போகுமாம், அவ்வளவு அகலம். போன வருஷம் தண்டவாளத்தை உயர்த்த வந்த கொந்தராத்துக்காரர் அந்தக் கல்லையெல்லாம் கிளறி எடுத்துவிட்டு, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவில் கொங்கிரீட் குழாய் ஒன்றைப் புதைத்து, மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போனார். ஊர் கூடி முறைப்பாடு செய்தது. ஆட்கள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள், அஸீஸா ஊற்றிக்கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார்கள், இஞ்சி மணக்கிறது என்று பாராட்டினார்கள், போய்விட்டார்கள். குழாய் அதே குழாய்தான். ஊர் மட்டும் அதையும் போக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த மழை தொடங்கியதிலிருந்து ரயிலும் இல்லை. ஊர்ச் சனம் நேற்றே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாயும் சட்டியுமாகப் போய்விட்டது. அவள் கணவன் மஸாஹிர்தான் அசைய மறுத்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவன்; தண்ணீரை எங்கே கட்டுவது, எங்கே விடுவது என்பது அவனுடைய அன்றாடத் தொழில். அந்தத் தைரியத்தில் தான் இருக்கிறபோது வீட்டுக்குள் தண்ணீர் வருவதா என்று நினைத்துக்கொண்டான். கணவன் இருக்கும் இடத்தில் அவளும் இருந்தாள். கலியாணம் முடித்து இன்னும் ஒரு நோன்புப் பெருநாள்கூட இந்த வீட்டில் கழியவில்லை. அவனை விட்டுவிட்டு ஓரிடம் போய் இருக்க அவளுக்கு மனமில்லை.

சக்கை திரும்பி வந்த கதையைச் சொன்னதும் அவன் எழுந்து குழாய் வாயைப் போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டு மண்வெட்டியையும் கயிற்றையும் தேடினான்.

“போக்கு அடைச்சிட்டு புள்ள. என்னமோ சிக்கியிரிக்கிது. இந்தப் பக்கத்தால கை வைக்கேலா, தண்ணி நிக்கிது. அந்தப் பக்கத்தால போய் இழுத்து உட்டுட்டு வாறேன்.”

“இந்த மழைக்குள்ளயா? நாங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போவமே.”

“இப்ப உட்டா விடியக்குள்ள ஊடும் இரிக்காது, கட்டும் இரிக்காது. மஃரிபுக்கு முந்தி வந்துருவேன்.”

போனை நனைய விடக் கூடாதென்று அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ரயில் கட்டின்மேல் ஏறினான். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். மேலே தண்டவாளத்துக்கு நடுவில் நின்று அவளைப் பார்த்துக் கையைக் காட்டினான். காலடியில் கருங்கற்கள் பொலபொலவென்று உருண்டு கீழே கானுக்குள் விழுந்தன. பிறகு அந்தப் பக்கம் இறங்கிவிட்டான்.

மஸாஹிருக்குச் சலாம் விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம். வேலை முடிந்து வரும்போது கட்டு உச்சியிலிருந்தே வீட்டுக்குச் சலாம் சொல்லிவிடுவான். அவள் வீட்டில் இல்லை என்று தெரிந்தாலும் வெறும் வீட்டுக்குச் சொல்லித்தான் உள்ளே வருவான். “ஆக்கள் இல்லாத ஊட்டுல ஆருக்குச் சலாம்?” என்று அவள் கேலி பண்ணினால், “மலக்குமாருக்கு” என்று வானவர்களைச் சொல்வான். அடுத்தவர் வாசல் என்றால் மூன்று சலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் உள்ளே இருப்பவர் எழுந்து வர நேரம் கொடுத்து நிற்பான். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் திரும்பி நடந்துவிடுவான், அது மார்க்கம் சொல்லித் தந்த மரியாதை. ஒருமுறை உச்சி வெயிலில் தன் சொந்தத் தங்கை வீட்டு வாசலுக்குப் போய், அவள் கிணற்றடியில் நின்றதால் கேட்காமல் போக, மூன்று சலாமையும் சொல்லிவிட்டு வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தவன். தங்கை இன்றுவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மழை கொஞ்சம் குறைந்த நேரத்தில் அஸீஸாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பளீலா. பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கிறாள். பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம்.

“மஸாஹிர் எங்க?”

“போக்கு அடைச்சிட்டுதாம் ராத்தா. அந்தப் பக்கம் போயிரிக்கார்.”

பிள்ளைகளின் அழுகை தூரமானது. பிறகு பளீலாவின் குரல் தணிந்து வந்தது.

“நான் செல்றத பயப்படாமக் கேளுங்க. கற்பிட்டிப் பக்கத்து ஆக்களுக்கு இது தெரியா. போக்கு அடைச்ச மழைக்கு, பொழுது படுற நேரம் போக்குக்குள்ளால சலாம் கேக்கும். தெரிஞ்ச குரல்லதான் கேக்கும். பதில் செல்லிராதீங்க.”

“ஆரு ராத்தா செல்ற?”

“ஆரெண்டு எங்களுக்கும் தெரியா. எங்கட உம்மாக்கும் தெரியா. மூணு சலாம் செல்லும். பதில் இல்லாட்டித் திரும்பிப் போயிரும், அந்த மட்டுக்கு அதுக்கும் மருவாதி தெரியும். பதில் செல்லிட்டா உள்ளுக்கு வாங்கண்டு கூப்பிட்ட மாதிரித்தானே.”

“சலாத்துக்குப் பதில் செல்லாம இருந்தா குத்தமில்லயா?”

“மனிசர் செல்ற சலாத்துக்கு,” என்றாள் பளீலா. அதோடு லைன் அறுந்தது. அஸீஸா திருப்பி எடுக்கப் பார்த்தாள். சார்ஜ் முடிந்து போன் கறுத்துப் போனது. கரண்ட் போய் ஒரு நாளாகிறது. அலுமாரிக்கு மேல் இருந்த மஸாஹிரின் போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

பளீலா ராத்தா எப்போதும் இப்படித்தான், ஒன்றைப் பத்தாக்கிக் கதைக்கிற ஆள் என்று அஸீஸா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உரத்தும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வெறும் வீட்டில் தன் குரலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

சோற்றை இறக்கி வைத்தாள். சூரை மீன் ஆணத்தைச் சூடாக்கினாள். லாம்பைத் துடைத்து எண்ணெய் ஊற்றி வைத்தாள். வேலைகள் முடிந்துவிட்டன. வெளிச்சம் வடியத் தொடங்கியது. இந்நேரம் பள்ளிவாசலிலிருந்து மஃரிபு பாங்கு கேட்க வேண்டும். ஊரோடு பாங்கு சொல்லும் மோதினாரும் மேட்டுக்குப் போய்விட்டதால் பாங்கும் இல்லை. பாங்கு இல்லாத அந்தி அவளுக்குக் கதவில்லாத வீடு போலிருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம்.

அவன் வரவில்லை.

மழை சட்டென்று நின்றது. அது நின்ற பிறகுதான் அதற்கு அடியில் இத்தனை நேரமும் வேறு சத்தங்கள் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. கூரை ஓட்டிலிருந்து சொட்டுவது, வேலிக்கு அப்பால் வெள்ளம் புல்லைத் தடவுவது, இவற்றுக்கெல்லாம் கீழே, கட்டுக்குள்ளிருந்து, யாரோ தொண்டையைச் செருமாமல் அடக்கிக்கொண்டிருப்பதுபோல் ஒரு மெல்லிய களகளப்பு. தவளைகள் கத்தவில்லை. மழை பெய்த மூன்று நாளும் காது கிழியக் கத்திய தவளைகள். சேற்று வாடையோடு, வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வரும் குளிர்ந்த வாடையும் காற்றில் இருந்தது.

லாம்பைத் தூக்கிக்கொண்டு குசினிக் கதவைத் திறந்தாள். கான் கரை தட்டி நின்றது. எதிரே கட்டின் சரிவு முழுக்க, புல்லுக்கும் மண்ணுக்கும் இடையால், சின்னச் சின்னக் கோடுகளாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கட்டு வேர்க்கிறது என்று மஸாஹிர் சொல்வான். வேர்த்தால் உள்ளே மண் கூழாகிறது என்று அர்த்தம். குழாயின் வாய் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. கொங்கிரீட்டின் மேல் விளிம்பு மட்டும் கறுத்த வளைவாகத் தெரிந்தது.

“இஞ்சாருங்க,” என்று கூப்பிட்டாள். பிறகு இன்னும் உரத்து, “இஞ்சாருங்க!”

கட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தலை ஒன்று எழும்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வானம் மட்டும் களப்புப் பக்கம் கொஞ்சம் சாம்பலாக இருந்தது. அவருக்கு ஏதோ நடந்துவிட்டது. கால் வழுக்கி விழுந்திருப்பார். களப்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஷோலை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கானின் மேல் போட்டிருந்த பலகையால் கடந்து, கட்டின்மேல் காலை வைத்தாள். கால் முழங்கால்வரை உள்ளே போனது. மண் சூடாக இருந்தது. மற்றக் காலை வைத்தபோது சரிவில் ஒரு துண்டு அப்படியே கழன்று, கல்லும் புல்லுமாக அவளைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தது. பலகையைப் பிடித்துத்தான் தப்பினாள். ஒரு மனிதப் பாரத்தைக்கூடத் தாங்காத கட்டு. அதன்மேல் ஏற ஏலாது. அந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்கும், அவராலும் ஏறி வர ஏலாது.

சேற்றுக் காலோடு அவள் படியேறும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

மஸாஹிரின் குரல். அதே இழுப்பு, ‘அலைக்கும்’ என்கிற இடத்தில் அதே இறக்கம். பானைக்குள் வாயை வைத்துச் சொன்னதுபோல் ஒரு கனம் மட்டும் கூடியிருந்தது. அவளுடைய நாக்கு அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு சலாமையும் பதிலில்லாமல் விட்டுப் பழகாத நாக்கு. பதிலின் முதல் எழுத்தான ‘வ’ உதட்டுக்கு வந்து நின்றபோதுதான் குரல் வந்த இடம் அவளுக்கு உறைத்தது.

கட்டுக்கு மேலிருந்து வரவில்லை. குழாய்க்குள்ளிருந்து வந்தது.

வாய் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய குழாய். அதற்குள் உயிரோடு ஒரு மனிதன் இருந்து கதைக்க முடியுமா? முடியாது. மூச்சு விடவே முடியாது. அவள் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றாள்.

அவராக இருந்தால்? இருந்தால் ஏன் சலாம், ஏன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, ஏன் உதவி கேட்கவில்லை? ஆனால் அவர்தான் எதற்கும் முன்னால் சலாம் சொல்கிற ஆளாயிற்றே. அதாக இருந்தால்? பதில் சொன்னால் கூப்பிட்ட மாதிரித்தானே. சொல்லாவிட்டால், அவராக இருந்தால், புருஷனைச் சாக விட்டவள் ஆவாள்.

நேரம் கொடுத்தது. உள்ளே இருப்பவர் எழுந்து வர எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவு.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

இந்த முறை கொஞ்சம் கிட்ட. கான் வீட்டோடு ஒட்டி ஓடும் இடத்தில், குசினித் தரைக்குக் கீழே. அல்லது தண்ணீர் சத்தத்தைக் கடத்திக்கொண்டு வந்திருக்கலாம். கடைசியில் சின்ன இருமல் ஒன்று. மஸாஹிருக்குக் குளிர் பட்டால் வருகிற இருமல். அவளுக்கு அழுகை வந்தது. ஆயத்துல் குர்ஸி ஓதினாள். சின்னப் பிள்ளையிலிருந்து நித்திரையிலும் பிசகாமல் ஓதுகிறவள், நடுவில் வரிகள் முன்பின்னாகி மறுபடி தொடங்கினாள். மறுபடியும் பிசகியது.

ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் ஒன்று. பிறகு போய்விடும்.

“அஸ்ஸலாமு அலைக்கும்...” மெல்லிய குரல். நிறையக் களைத்த குரல். “புள்ள...”

ஷோலின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். அது காத்திருந்தது. அது காத்திருப்பது அவளுக்குக் கேட்டது. கானில் தண்ணீர் ஒரே ஒரு முறை களுக்கென்றது.

பிறகு ஒன்றுமில்லை.

திரும்பிப் போய்விட்டது. அவள் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, ஷோலை வாயிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் அழுதாள். பயத்தை வென்றுவிட்டதாக நெஞ்சில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. வென்றது எதை என்பது மட்டும் தெரியவில்லை.

அப்போது முன் கதவு திறந்தது.

தட்டவில்லை. முன் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அது தன் பாட்டில் திறந்துகொண்டதுபோல் விரிந்தது. மஸாஹிர் உள்ளே வந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் ஓடியது. நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் மண்வெட்டியும் இல்லை, கயிறும் இல்லை. கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, வீட்டை முதல் முறை பார்ப்பவன்போல் சுவரையெல்லாம் பார்த்தான்.

அவள் எழுந்து ஓடினாள். அவனுடைய கையைப் பிடித்தாள். கை ஐஸாக இருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவர் வந்துவிட்டார், அது போதும்.

“எங்க போனீங்க? நான் பயந்து செத்துட்டேன்.”

“பயந்து செத்துட்டேன்,” என்றான்.

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். கேலி பண்ணுகிறார், உசிரோடு இருக்கிற மனிதன் அப்படித்தானே.

“போக்கு தொறந்திச்சா?”

“தொறந்திச்சு.”

“எப்பிடி ஏறி வந்தீங்க? கட்டெல்லாம் கூழாப் போய்க் கிடக்குது.”

அவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

உடுப்பை மாற்றச் சொன்னாள், மாற்றவில்லை. துவாயைக் கொடுத்தாள், அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தான். சரி, களைத்துப் போயிருக்கிறார், முதலில் சாப்பிடட்டும் என்று லாம்பை மேசையில் வைத்து, சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, ஆணத்தை ஊற்றினாள். கை கழுவத் தண்ணீர் வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். எல்லாம் வழக்கம்போல் நடந்தால் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள்.

சொட்டுச் சத்தம். கதிரையின் நான்கு காலையும் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் வந்து இவ்வளவு நேரமாகிறது. சட்டையிலிருந்து இப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கையால், சாரத்து ஓரத்தால், முகவாய் நாடியால். குறையவில்லை. கூடியது. மூடிக் கிடந்த கிணற்றின் அந்த வாடை இப்போது வீட்டுக்குள் இருந்தது.

அவன் கை கழுவவில்லை.

பிஸ்மி சொல்லவில்லை.

இடது கையைச் சோற்றுக்குள் வைத்தான்.

அஸீஸா அந்தக் கையைப் பார்த்தாள். நடக்கப் பழகும் பிள்ளைகூட இடது கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்தால் உம்மாமார் கையில் தட்டி மாற்றிவிடுகிற ஊர் இது. ஷைத்தான்தான் இடக்கையால் தின்பான் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கை சோற்றை அள்ளியது. வாய்க்குக் கொண்டு போனது. வாய் திறந்தது, மூடியது. மெல்லவில்லை.

உள்ளே வரும்போது இவர் சலாம் சொல்லவில்லை.

அந்த நினைப்பு மெதுவாகத்தான் வந்தது. வெறும் வீட்டுக்கும் சலாம் சொல்கிற மனிதர். கட்டு உச்சியிலிருந்து கூவிச் சொல்கிற மனிதர். இன்றைக்குக் கதவைத் திறந்து, ஒரு சொல் சொல்லாமல், உள்ளே வந்தார்.

சலாம் சொன்னவர் வேறு ஆள்.

குழாய் அடைத்திருந்தது. அடைப்புக்கு இந்தப் பக்கம்தான் தண்ணீர் நின்றது. அடைப்புக்குப் பின்னால், உள்ளே, மூச்சு விட இடம் இருந்திருக்கும். கட்டின்மேல் ஏற முடியாமல், வீட்டுக்கு வர வேறு வழியில்லாமல், அவர் அந்தப் பக்கத்தால் குழாய்க்குள் தவழ்ந்து வந்திருக்கிறார். அடைப்புவரை வந்து, போகவும் ஏலாமல் வரவும் ஏலாமல், எதற்கும் முன்னால் சொல்கிறதைச் சொல்லியிருக்கிறார். முதலாவது. நேரம் கொடுத்து இரண்டாவது. இன்னும் நேரம் கொடுத்து மூன்றாவது. மூன்றுக்கும் பதிலில்லாததால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, பேசாமல் இருந்துவிட்டார். கேட்டு நின்றவருக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் வந்ததற்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அவள் அசையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததும் அசையவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும்.

அப்போது தரைக்குக் கீழே, கானால், குழாயால், அவளுடைய புருஷனின் குரல் வந்தது. பல் கிட்டிக்கொண்டு.

“ஆராச்சும் இரிக்கிறீங்களா... தண்ணி ஏறுது... கயிறும் போயிட்டு, வேற கயிறு ஒண்டு போடுங்களேன்... அல்லாஹ்வுக்காக...”

யாராவது என்றுதான் கேட்டார். அவளை அவர் கேட்கவில்லை. அவள் இல்லை என்று நம்பிவிட்டார்.

அஸீஸா வாயைத் திறந்தாள். நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, நான் இருக்கிறேன், போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினாள். தொண்டை நடுங்கியது, நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. எதிரே இருந்தது இடது கையைச் சோற்றிலிருந்து எடுத்தது. அவளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தது.

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றது.

அவளுடைய குரலில்.

குழாய்க்குள்ளிருந்து அழுகையும் சிரிப்புமாக, “அஸீஸா? நீ போகல்லயா? அல்ஹம்துலில்லாஹ்... அல்ஹம்துலில்லாஹ் புள்ள... முன்னுக்கு அடைச்சிரிக்கிது, வரேலாமக் கிடக்கிறேன்...”

“நேரா வராதீங்க,” என்றது அவளுடைய குரல். பரிவான குரல். அவர் காய்ச்சலில் படுத்தபோது அவள் கதைத்த குரல். “வலப்பக்கம் திரும்புங்க. வழி இரிக்கிது.”

குழாய் நேர்க் குழாய். வலப்பக்கம் என்று ஒன்று அதில் இல்லை. வலப்பக்கம் கட்டு இருக்கிறது. மண் இருக்கிறது. மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவள் மேசையில் அடித்தாள். கை மேசையில் பட்டது, சத்தமில்லை. கதிரையைத் தள்ளிவிட்டாள். சத்தமில்லாமல் விழுந்தது. குசினிக் கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளை இழுத்தாள். ஈரத்தில் ஊறிய தாழ்ப்பாள் அசையவில்லை. காதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கேட்டது.

முழங்கால் கொங்கிரீட்டில் உரசும் சத்தம். நின்றது. திரும்பியது. பிறகு கொங்கிரீட் சத்தம் இல்லை. சேறு சேற்றை விலக்கி வழிவிடும் சத்தம். கட்டோடு கட்டாக, தண்டவாளத்துக்கு அடியால், வீட்டை விட்டு, ஊரை விட்டு, மெல்ல மெல்லத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் மேலே கருங்கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

“இன்னும் கொஞ்சம்தான்,” என்றது மேசையிலிருந்து அவளுடைய குரல். “வாங்க.”

வெகு தூரத்தில், மண்ணுக்குள், மஸாஹிர் சந்தோஷமாகப் பதில் சொன்னான்.

“ஓம் புள்ள, வாறேன்.”